பாங்கி அணு உலையில் யாருக்கெல்லாம் வேலை?

"டீச்சர், அங்க வேலை செஞ்சா முடியெல்லாம் கொட்டிடுமா?"

படிவம் 5 இயற்பியல் வகுப்பில் அணுக்கரு பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். நம் நாட்டிலும் ஓர் அணு உலை இருக்கிறது, அது சிலாங்கூர் மாநிலத்தின் பாங்கியில் இருக்கிறது என்று சொன்னதும் பின்வரிசையிலிருந்து வந்த கேள்வி இது. வகுப்பே சிரித்தது. முன்வரிசையில் இருந்த ஒரு மாணவி மட்டும் சிரிக்கவில்லை. பாடம் முடிந்ததும் என்னிடம் வந்தாள்.

"எனக்கு அணு அறிவியல் படிக்க ஆசை டீச்சர். அப்பா வேணாம்னு சொல்லிட்டாரு. ஆபத்தான வேலையாம். அதுவும் இல்லாம, எல்லாத்துலயும் ஏ எடுத்தாதான் அங்க போக முடியுமாம். எனக்கு அவ்வளவு வராது."

அதற்குள் மணி அடித்துவிட்டது. அன்று அரைகுறையாகச் சொன்ன பதிலை இங்கே முழுமையாகச் சொல்கிறேன்.

மின்சாரம் தராத உலை

அணு உலை என்றதும் பெரிய கோபுரங்களும் அவற்றிலிருந்து எழும் வெள்ளைப் புகையும் நம் கண்முன் வரும். அது புகை அன்று, நீராவி. பாங்கியில் அந்தக் கோபுரங்களும் இல்லை. மலேசியாவில் இதுவரை அணு மின் நிலையமே கிடையாது. பாங்கியில் இருப்பது ஆராய்ச்சி உலை.

1972-ஆம் ஆண்டு நம் நாட்டில் அணு ஆய்வுக்கென ஒரு மையம் தொடங்கப்பட்டது. பின்னர், 1973-இல் மறைந்த துணைப் பிரதமர் துன் டாக்டர் இஸ்மாயிலின் நினைவாக அதற்குத் துன் இஸ்மாயில் அணு ஆய்வு மையம் என்று பெயரிட்டார்கள். அதன் மலாய்ப் பெயரின் சுருக்கம்தான் புஸ்பாத்தி. நிறுவனத்தின் பெயர் பிறகு சில முறை மாறி, இன்று நியூக்ளியர் மலேசியா என்று அழைக்கப்படுகிறது. உலை மட்டும் இன்னும் பழைய பெயரைச் சுமக்கிறது. அதன் பெயர் டிரிகா புஸ்பாத்தி. 1982-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் தேதி அதில் முதன்முதலாகத் தொடர்வினை நிலைபெற்றது.

அதன் அதிகபட்ச வெப்பத் திறன் 1 மெகாவாட். வீட்டில் தண்ணீர் கொதிக்க வைக்கும் 2 கிலோவாட் மின்கெண்டிகள் 500 ஒரே நேரத்தில் ஓடினால் எவ்வளவு வெப்பம் வருமோ, அவ்வளவுதான். ஒரு பெரிய அணு மின் நிலையத்தின் உலை இதைப் போல ஏறத்தாழ 3,000 மடங்கு வெப்பத்தை உண்டாக்கும். பாங்கி உலையின் வெப்பத்தை யாரும் பயன்படுத்துவதில்லை. அங்கே வேண்டியது வெப்பம் அன்று, நியூட்ரான்கள்.

மாணவர்கள் விளையாடினாலும் வெடிக்காத உலை

டிரிகா வகை உலைக்கு ஒரு சுவையான வரலாறு உண்டு. 1956-ஆம் ஆண்டு அமெரிக்காவின் சான் டியாகோவில் ஜெனரல் அட்டாமிக் நிறுவனம் இயற்பியலாளர்கள் சிலரை அழைத்தது. எட்வர்ட் டெல்லர், ஃப்ரீமன் டைசன் ஆகியோர் அவர்களில் இருந்தார்கள். உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் கையில் விளையாடக் கொடுத்தாலும் யாருக்கும் தீங்கு வராத ஓர் உலையை வடிவமைக்க வேண்டும் என்பது டெல்லர் வைத்த சவால். ஆம், உங்களைப் போன்ற மாணவர்கள்தான். 1958-இல் முதல் டிரிகா உலை இயங்கத் தொடங்கியது.

அந்தச் சவாலை எப்படி வென்றார்கள்? யுரேனியம் அணுக்கரு பிளக்கும்போது வேகமான நியூட்ரான்கள் வெளிவரும். அவற்றின் வேகத்தைக் குறைத்தால்தான் அவை அடுத்த அணுக்கருவை எளிதில் பிளக்கும். வேகத்தைக் குறைக்கும் வேலையை ஹைட்ரஜன் நன்றாகச் செய்யும். மற்ற பல உலைகளில் அந்த ஹைட்ரஜன் சுற்றியுள்ள நீரில் இருக்கும். டிரிகாவில் அதன் பெரும்பகுதி எரிபொருளுக்குள்ளேயே இருக்கிறது. யுரேனியத்தோடு சிர்கோனியம் ஹைட்ரைடு என்னும் சேர்மத்தைக் கலந்து எரிபொருள் தண்டுகளைச் செய்கிறார்கள்.

இப்போது யாரோ தவறு செய்து உலையின் திறன் திடீரென ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எரிபொருள் சூடாகும். அதிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கள் வேகமாக அதிரும். மெதுவாக வரும் நியூட்ரானை அவை தடுப்பதற்குப் பதிலாகத் தட்டிவிட்டு வேகமூட்டும். வேகமான நியூட்ரான்களால் பிளவு குறையும். பிளவு குறைந்தால் திறன் தானாக இறங்கும். நொடியில் சிறு பகுதிக்குள் இது நடந்துவிடும். மனிதர் பொத்தானை அழுத்தும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. எரிபொருளே தன் பிரேக்கைத் தன்னோடு வைத்திருக்கிறது.

இந்த எரிபொருள் தண்டுகள் பல மீட்டர் ஆழமுள்ள நீர்த்தொட்டியின் அடியில் நிற்கின்றன. நீர் அவற்றைக் குளிர்விக்கிறது; கதிர்வீச்சையும் தடுக்கிறது. அதனால்தான் தொட்டியின் மேலே நின்று உள்ளே எட்டிப் பார்க்க முடிகிறது. உலை இயங்கும்போது அடியில் அழகிய நீல ஒளி தெரியும். வெற்றிடத்தில் ஒளியை எதுவும் முந்த முடியாது. நீருக்குள் ஒளி முக்கால் பங்கு வேகத்தில்தான் செல்கிறது. அங்கே சில எலெக்ட்ரான்கள் ஒளியை முந்திவிடுகின்றன. அப்போது தோன்றும் ஒளிதான் அது. செரன்கோவ் கதிர்வீச்சு என்பது அதன் பெயர்.

ஒரு பிடி மண்ணும் ஓர் ஆய்வாளரும்

சரி, அங்கே என்ன வேலை நடக்கிறது? ஒருவர் கட்டுப்பாட்டு அறையில் உலையை இயக்குகிறார். நியூட்ரான்களை உறிஞ்சும் கட்டுப்பாட்டுத் தண்டுகளைச் சிறிது சிறிதாக உயர்த்தினால் திறன் ஏறும், இறக்கினால் குறையும். ஒவ்வொரு படியையும் சரிபார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். வேகமாகச் செய்வதைவிட வரிசை மாறாமல் செய்வதுதான் இந்த வேலையில் முக்கியம்.

இன்னொருவர் மண்ணோடு வருகிறார். ஓர் இடத்து மண்ணில் ஆர்செனிக் நஞ்சு இருக்கிறதா என்று அவர் அறிய வேண்டும். சிறிதளவு மண்ணைக் குப்பியில் அடைத்து உலையின் நியூட்ரான்களுக்கு நடுவே வைக்கிறார். ஆர்செனிக் இருந்தால் அது ஒரு நியூட்ரானை விழுங்கி ஆர்செனிக்-76 ஆக மாறும். அது சிதையும்போது 559 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள காமா கதிரை வெளியிடும். ஒவ்வொரு தனிமத்துக்கும் இப்படித் தனித்தனி கைரேகை உண்டு. அந்தக் கதிர்களை எண்ணினால் மண்ணில் எவ்வளவு ஆர்செனிக் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். நியூட்ரான் செயலூட்டப் பகுப்பாய்வு என்று இதற்குப் பெயர்.

இந்த வேலைக்கு ஆய்வாளர் மட்டும் போதாது. குப்பிகளைக் கழுவி எடைபோடும் ஆய்வுக்கூட உதவியாளர், எண்ணும் கருவியைப் பராமரிக்கும் மின்னணுத் தொழில்நுட்பர், தொட்டி நீரின் தூய்மையைச் சோதிக்கும் வேதியியலாளர் எனப் பலர் வேண்டும். குப்பியை ஒருவர் சரியாகக் கழுவாவிட்டால் ஆய்வாளரின் முடிவே தவறாகிவிடும்.

நாணயங்களைச் சுண்டிப் பாருங்கள்

கதிரியக்கப் பொருளோடு வேலை செய்பவர்களுக்குக் கடிகாரம் முக்கியம். படிவம் 3 அறிவியல் நூலில் செபாரோ ஹயாட் என்று படித்திருப்பீர்கள். தமிழில் அது அரை ஆயுட்காலம்.

வீட்டில் 64 பத்து சென் நாணயங்களைச் சேர்த்து மேசைமேல் குலுக்கிப் போடுங்கள். எண் பக்கம் விழுந்தவற்றை எடுத்துவிடுங்கள். ஏறக்குறைய 32 மிஞ்சும். மறுபடியும் போடுங்கள், 16 அளவில் மிஞ்சும். பிறகு 8, பிறகு 4. எந்த நாணயம் எப்போது வெளியேறும் என்று உங்களால் சொல்ல முடியாது. மொத்தத்தில் எத்தனை மிஞ்சும் என்பதை ஓரளவு சொல்ல முடியும். கதிரியக்க அணுக்களும் இப்படித்தான். ஆனால் ஒரு சிட்டிகைப் பொருளிலேயே கோடிக்கணக்கான கோடி அணுக்கள் இருப்பதால் கணக்கு மிகத் துல்லியமாக வரும்.

மருத்துவமனைகளில் எலும்பு, இதயம் முதலியவற்றைப் படமெடுக்க டெக்னீசியம்-99எம் என்ற ஐசோடோப்பைப் பயன்படுத்துகிறார்கள். அதன் அரை ஆயுட்காலம் 6 மணி நேரம். காலை 8 மணிக்கு 800 அலகு இருந்தால் பிற்பகல் 2 மணிக்கு 400, இரவு 8 மணிக்கு 200, மறுநாள் காலை 8 மணிக்கு 50. நோயாளி தாமதமாக வந்தாலும் சாலையில் நெரிசல் ஏற்பட்டாலும் அணு காத்திருக்காது. மருந்தைத் தயாரிப்பவரும் அதைக் கொண்டு செல்பவரும் இந்தக் கணக்கை மனத்தில் வைத்துத்தான் வேலை செய்கிறார்கள்.

வயலில் இறங்கும் அணு விஞ்ஞானி

நியூக்ளியர் மலேசியாவில் காலில் சேறு படிய வேலை செய்பவர்களும் உண்டு. நம் நாட்டில் எம்.ஆர்.219 என்ற நெல் வகை புகழ்பெற்றது. அதன் விதைகள்மீது 300 கிரே அளவு காமா கதிர்களைச் செலுத்தினார்கள். கதிர்கள் விதையின் மரபணுக்களில் ஆங்காங்கே மாற்றங்களை உண்டாக்கும். பெரும்பாலான மாற்றங்களால் பயன் இல்லை. சில செடிகள் முளைக்கவே முளைக்காது. எஞ்சியவற்றை நட்டு, பார்த்து, தேர்ந்தெடுத்து, மீண்டும் நட்டுப் பல தலைமுறைகள் காத்திருக்க வேண்டும். இப்படிக் கிடைத்த வகைகளில் ஒன்றுதான் என்.எம்.ஆர்.152. குறைந்த நீரிலும் விளையும் பயிரைத் தேடிச் செய்த முயற்சியின் பயன் அது.

"அந்தச் சோற்றைச் சாப்பிட்டால் நமக்குள்ளும் கதிர்வீச்சு வருமா?" என்று கேட்கத் தோன்றுகிறதா? வராது. எக்ஸ்ரே எடுத்த பிறகு நீங்கள் கதிர்வீச்சை வெளியிடுகிறீர்களா? இல்லை அல்லவா? இந்தக் காமா கதிர்களும் விதையைக் கடந்து போய்விடும், அதைக் கதிரியக்கப் பொருளாக மாற்றாது. நாம் மேலே பார்த்த நியூட்ரான்தான் அப்படி மாற்றக்கூடியது. கதிர் படுவது வேறு, கதிரியக்கப் பொருள் நம்மேல் ஒட்டிக்கொள்வது வேறு. விளக்கின் வெளிச்சம் சட்டையில் பட்டால் கறை படியாது. மை சிந்தினால்தான் படியும்.

முடி கொட்டுமா?

இனி அந்தப் பின்வரிசைக் கேள்விக்கு வருவோம்.

கதிர்வீச்சு நம் உடலுக்கு ஏற்படுத்தும் பாதிப்பை மில்லிசீவர்ட் என்ற அலகால் அளக்கிறோம். மண், பாறை, வானவெளி, நாம் உண்ணும் உணவு ஆகியவற்றிலிருந்து இயற்கையாகவே உலக மக்களுக்குச் சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் கிடைக்கிறது. கதிர்வீச்சுப் பணியாளர் ஒருவர் வேலையின் மூலம் பெறக்கூடிய உச்ச வரம்பு ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். பொதுமக்களுக்கு இத்தகைய இடங்களிலிருந்து வரக்கூடியது 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் போகக்கூடாது. ஆணுக்கும் பெண்ணுக்கும் வரம்பு ஒன்றுதான். பெண் பணியாளர் கருவுற்றால், வயிற்றிலுள்ள குழந்தை பொதுமக்களில் ஒருவராகக் கருதப்படும். அதற்கேற்ப அவருடைய வேலை மாற்றியமைக்கப்படும்.

முடி தற்காலிகமாகக் கொட்ட வேண்டுமானால் தலையில் ஒரே தடவையில் ஏறக்குறைய 3 கிரே விழ வேண்டும். காமா கதிருக்கு அது 3,000 மில்லிசீவர்ட்டுக்குச் சமம். ஆண்டு வரம்பைப் போல 150 மடங்கு. ஆகவே, விதிகளின்படி நடக்கும் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்வதால் முடி கொட்டாது.

"விதிகளின்படி" என்ற சொல்லைக் கவனியுங்கள். மேரி கியூரி அம்மையார் காலத்தில் இந்த விதிகள் இல்லை. ரேடியத்தை வெறுங்கையால் தொட்டு வேலை செய்தார். 1934-இல் இரத்தம் சார்ந்த நோயால் இறந்தார். அவருடைய குறிப்பேடுகளில் இன்றும் கதிரியக்கம் இருக்கிறது. ஏனென்றால் ரேடியம்-226-இன் அரை ஆயுட்காலம் 1,600 ஆண்டுகள்.

இன்றைய பணியாளர்கள் மூன்று விதிகளைக் கைக்கொள்கிறார்கள். ஒன்று, நேரம்: கதிர்வீச்சுள்ள இடத்தில் தேவைக்கு மேல் ஒரு நிமிடமும் நிற்காதே. இரண்டு, தூரம்: சிறிய மூலத்திலிருந்து 1 மீட்டரில் நிற்பவர் 2 மீட்டருக்கு நகர்ந்தால் கதிர்வீச்சு நான்கில் ஒரு பங்காகும், 3 மீட்டரில் ஒன்பதில் ஒரு பங்கு. மூன்று, தடுப்பு: இடையில் ஈயம், கான்கிரீட் அல்லது நீரை வை. நுணுக்கமான வேலையை முதலில் கதிரியக்கம் இல்லாத பொருளை வைத்துப் பலமுறை ஒத்திகை பார்ப்பதும் உண்டு. கை பழகினால் நேரம் குறையும் அல்லவா?

ஓர் அப்பாவின் கேள்வி

தேர்ச்சி அறிக்கை வாங்க அந்த மாணவியின் அப்பா பள்ளிக்கு வந்திருந்தார். மேலே சொன்ன எண்களை எல்லாம் ஒரு தாளில் எழிதிக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "நான் ஈப்போ பக்கம் வளர்ந்தவன் டீச்சர். புக்கிட் மேரா விஷயம் எங்களுக்கு நல்லாத் தெரியும். அப்பவும் பயப்பட ஒண்ணுமில்லன்னுதான் சொன்னாங்க. இந்த நம்பரெல்லாம் சரியான்னு யாரு பார்க்குறது?"

எனக்கு அதைவிட நல்ல கேள்வியை எந்த மாணவரும் கேட்டதில்லை.

உங்களில் பலருக்கு அந்த வரலாறு தெரியாமல் இருக்கலாம். 1980-களில் பேராக் மாநிலத்தின் புக்கிட் மேராவில் அரிய மண் தனிமங்களைப் பிரித்தெடுக்கும் தொழிற்சாலை ஒன்று இயங்கியது. அதன் கழிவில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் இருந்தது. சுற்றுவட்டார மக்கள் தங்கள் உடல்நலம் குறித்து அஞ்சி நீதிமன்றம் சென்றார்கள். 1992-இல் ஈப்போ உயர் நீதிமன்றம் மக்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 1993-இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. 1994-இல் நிறுவனம் தொழிற்சாலையை மூடிவிட்டது. அது ஆராய்ச்சி உலை அன்று, தனியார் தொழிற்சாலை. ஆனாலும் பாடம் ஒன்றுதான். மக்களின் பயத்தை அறியாமை என்று தள்ளிவிடக்கூடாது. அளந்து காட்ட வேண்டும். அந்த அளவையும் யாராவது சரிபார்க்க வேண்டும்.

அப்பாவுக்கு நான் சொன்ன பதில் இது. ஒவ்வொரு கதிர்வீச்சுப் பணியாளரும் மார்பில் ஒரு சிறிய அட்டை அணிகிறார். அவற்றில் ஒரு வகையில் லித்தியம் ஃபுளோரைடு போன்ற படிகம் இருக்கும். பட்ட கதிர்வீச்சின் ஆற்றலை அது சேமித்து வைத்துக்கொள்ளும். பிறகு சூடாக்கினால் அந்த ஆற்றல் ஒளியாக வரும். ஒளி எவ்வளவோ, அவர் பெற்ற அளவும் அவ்வளவு.

அட்டையைப் படிக்கும் கருவி சரியா என்று எப்படித் தெரியும்? அதற்கென்றே பாங்கியில் ஓர் அளவுத்தர ஆய்வுக்கூடம் இருக்கிறது. அளவு தெரிந்த மூலத்தின் முன் கருவியை வைத்துச் சரிபார்க்கிறார்கள். கடையில் தராசைச் சோதித்து முத்திரை குத்துவதைப் போன்றது. சரி, அந்த ஆய்வுக்கூடத்தை யார் சோதிப்பது? அது அனைத்துலக அணுசக்தி முகமையும் உலகச் சுகாதார நிறுவனமும் நடத்தும் ஒரு வலையமைப்பில் உறுப்பு வகிக்கிறது. புற்றுநோய்ச் சிகிச்சைக் கருவிகளின் அளவைச் சரிபார்க்க, அந்த அமைப்புகள் 1969 முதல் உலகின் பல மருத்துவமனைகளுக்கு அளவிகளைத் தபாலில் அனுப்பித் திரும்பப் பெற்றுச் சோதிக்கின்றன. உலையை நடத்துபவர் கையிலேயே உரிமம் வழங்கும் அதிகாரமும் இல்லை. அதற்கு 1984-ஆம் ஆண்டின் அணுசக்தி உரிமச் சட்டப்படி தனி அமைப்பு உண்டு.

"அப்ப, அந்தச் சரிபார்க்கிற வேலைக்கும் ஆள் வேணும்ல?" என்று அவர் கேட்டார். ஆம் என்றேன்.

யாருக்கு அந்த வேலை?

எல்லாப் பாடத்திலும் ஏ எடுத்தவர்கள் மட்டும் அங்கே இல்லை. ஆராய்ச்சி அதிகாரியாகப் பட்டப்படிப்பு தேவை. பாங்கியிலேயே இருக்கும் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் அணு அறிவியலில் இளங்கலைப் படிப்பை வழங்குகிறது. தாவரவியல், வேதியியல், மின்னணுவியல், இயந்திரவியல் படித்தவர்களுக்கும் இடம் உண்டு. டிப்ளோமா முடித்தவர்கள் உதவி அறிவியல் அதிகாரிகளாகலாம். கைத்திறன் உள்ள தொழில்நுட்பர்கள் இல்லாமல் எந்த ஆய்வுக்கூடமும் ஒரு நாள்கூட ஓடாது. அரசாங்கப் பணி என்பதால் மலாய் மொழியில் நல்ல தேர்ச்சி வேண்டும். கணிதத்தையும் இயற்பியலையும் கைவிடாதீர்கள்.

இன்னொரு தகுதியும் உண்டு. கருவி காட்டிய எண் நீங்கள் எதிர்பார்த்ததற்கு மாறாக இருந்தாலும் அதை அப்படியே பதிவேட்டில் எழுதும் நேர்மை. இதைப் பள்ளி ஆய்வுக்கூடத்திலேயே பழகலாம். நாணயத்தைச் சுண்டும்போது 32-க்குப் பதில் 27 வந்தால் 27 என்றே எழுதுங்கள். பக்கத்து மேசையில் இருப்பவரின் விடையைப் பார்த்துத் திருத்தாதீர்கள்.

1982-இல் அந்த உலையை முதன்முதலில் இயக்கியவர்கள் பணி ஓய்வு வயதைக் கடந்துவிட்டார்கள். மருத்துவமனைகளும் தொழிற்சாலைகளும் பயன்படுத்தி முடித்த கதிரியக்க மூலங்களும் பாதுகாப்பாக வைக்கப்படுவதற்காக நியூக்ளியர் மலேசியாவுக்கு வந்து சேர்கின்றன. அவற்றில் கோபால்ட்-60-இன் அரை ஆயுட்காலம் 5.27 ஆண்டுகள். அது ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைய ஏறக்குறைய 53 ஆண்டுகள் ஆகும். ஒருவருடைய பணிக்காலத்தைவிட அது நீளம். அவர் எழுதிய பதிவேட்டை அடுத்தவர் வாங்கித் தொடர வேண்டும்.

அந்த அப்பா அன்று சம்மதம் சொல்லவில்லை. "எஸ்.பி.எம். முடியட்டும், பார்க்கலாம்" என்று மட்டும் சொன்னார். போகும்போது நான் எண்களை எழுதிக் காட்டிய தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.